மலக் குப்பி முதல் முடிவு வரை: பினாங்கில் குடல் நுண்ணுயிர் ஆய்வில் இறங்குபவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

நாங்கள் கோட்டை விட்ட கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். நோயாளிகள் 44 பேர், நோயில்லாதவர்கள் 46 பேர். எல்லாருடைய மலத்திலிருந்தும் கிட் (டிஎன்ஏ பிரிக்கும் திரவங்கள் அடங்கிய பெட்டி) கொண்டு டிஎன்ஏ பிரித்து, சீக்வென்சிங் (டிஎன்ஏ எழுத்துகளைப் படிப்பது) முடித்து, கணினியில் வரைபடம் போட்டோம். நோயாளிகள் இடப்பக்கம், மற்றவர்கள் வலப்பக்கம் என்று கத்தியால் வெட்டியதுபோல் பிரிந்து நின்றார்கள். அன்று மாலை மொத்தக் குழுவுக்கும் நாசி கண்டார் சோற்று விருந்து.

மறுவாரம் வேறு பிரிவிலிருந்து வந்த ஓர் அக்கா அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ரெண்டு குழுவுக்கும் ஒரே கிட்தானே போட்டீங்க?"

லேப் நோட்டைப் புரட்டினோம். நோயாளிகளின் மாதிரிகளை மார்ச்சில் செய்திருந்தோம். கிட் தீர்ந்துபோனது. மற்றவர்களுடையதை ஜூலையில், வேறு லாட் எண் (தயாரிப்புத் தொகுதி எண்) போட்ட பெட்டியில் செய்திருந்தோம். படத்தில் தெரிந்த பிரிவு நோயினால் வந்ததா, கிட்டினால் வந்ததா? அதைச் சொல்ல எந்தக் கணக்காலும் முடியாது. இரண்டும் ஒன்றோடொன்று பின்னிப் போயிருந்தன. பதினான்கு மாத உழைப்பு.

முதுகலை மாணவர்களுக்கும், கையில் கொஞ்சம் நிதியோடு சின்ன ஆய்வு ஒன்றைத் தொடங்கும் டாக்டர்களுக்கும் இதை எழுதுகிறேன். சீக்வென்சிங் எந்திரத்தைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் பார்த்த வரையில், கெட்டுப்போன ஆய்வுகள் எல்லாம் மாதிரி அந்த எந்திரத்துக்குள் போகும் முன்பே கெட்டுவிட்டவை. அதனால் கழிப்பறை, ஐஸ்பெட்டி (ஃப்ரிட்ஜ்), கேள்வித்தாள் இவற்றுக்குத்தான் இங்கே அதிக இடம்.

1. கேள்வியை ஒரு வாக்கியத்தில் எழுதுங்கள்

"மலேசிய இந்தியர்களின் குடல் நுண்ணுயிரிகளும் நீரிழிவும்" என்பது தலைப்பு, கேள்வியாகாது. "புதிதாக நீரிழிவு கண்டுபிடிக்கப்பட்டு இன்னும் மாத்திரை தொடங்காதவர்களின் குடல் பாக்டீரியாக் கூட்டம், அதே வயது, அதே எடை உள்ளவர்களுடையதிலிருந்து வேறுபடுகிறதா?" என்று எழுதினால்தான் யாரைச் சேர்ப்பது, யாரைத் தள்ளுவது என்று தெரியும்.

இந்தத் துறையில் காதில் விழுவதையெல்லாம் அப்படியே முன்னுரையில் போட்டுவிடாதீர்கள். நம் உடலில் மனிதச் செல்களைவிடப் பத்து மடங்கு பாக்டீரியா இருக்கிறது என்று இன்றும் எழுதுகிறார்கள். 2016-இல் அதைத் திரும்பக் கணக்குப் போட்டார்கள்: சராசரி ஆணின் உடலில் சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியா, 30 லட்சம் கோடி மனிதச் செல்கள். ஏறக்குறைய சரிக்குச் சரி. பாக்டீரியாவின் மொத்த எடை 200 கிராம் அளவுதான்.

அதேபோல் பருமனானவர்களின் குடலில் ஃபெர்மிக்யூட்ஸ் கூடி பாக்டீராய்டீட்ஸ் குறையும் (இரண்டும் குடல் பாக்டீரியாவின் பெரிய பிரிவுகள்) என்ற பேச்சு. 2016-இல் பத்து ஆய்வுகளின் தரவை ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, பருமனுக்கும் குடல் கூட்டத்துக்கும் உள்ள தொடர்பு மிக மெலிதாக இருந்தது. இந்த விகிதத்தை வைத்து ஒருவர் பருமனா இல்லையா என்று சொல்ல முடியவில்லை. அதை நம்பி ஆய்வைக் கட்டினால் அஸ்திவாரமே மணல்.

தொடர்பு வேறு, காரணம் வேறு. நோயாளியின் மலத்தை எலிக்குக் கொடுத்தோம், எலிக்கும் நோய் வந்தது, ஆகவே பாக்டீரியாதான் காரணம் என்று முடிக்கும் கட்டுரைகள் ஏராளம். 2020-இல் அப்படிப்பட்ட 38 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். 36-இல் "எலிக்கும் வந்தது" என்றே முடிவு. இவ்வளவு நல்ல செய்தியை நம்ப முடியவில்லை என்பதுதான் அந்தக் கட்டுரையின் வாதம். ஒரே கூண்டில் இருக்கும் எலிகள் ஒன்றின் மலத்தை ஒன்று தின்னும். எனவே ஒரு கூண்டில் ஐந்து எலி இருந்தாலும் கணக்குக்கு அது ஒன்றுதான்.

முடிந்தால் ஒரே ஆளிடம் பல முறை மாதிரி எடுங்கள். ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் நீங்கள் தேடும் நோயின் அடையாளத்தை விடப் பெரியது.

2. அனுமதி, அப்புறம் தமிழில் ஒப்புதல் படிவம்

சுகாதார அமைச்சின் மருத்துவமனையிலோ கிளினிக்கிலோ ஆள் சேர்ப்பதாக இருந்தால் என்எம்ஆர்ஆர் என்ற தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவுத் தளத்தில் பதிந்து, எம்ரெக் என்ற அமைச்சின் ஆய்வு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வாங்க வேண்டும். யூஎஸ்எம்மில் (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) இருப்பவர்களுக்கு ஜெபெம் என்ற நெறிமுறைக் குழு இருக்கிறது. ஒராங் அஸ்லி (பழங்குடி) கிராமங்களுக்குப் போவதென்றால் அவர்களுக்கான அரசுத் துறையான ஜாக்கோவாவின் அனுமதியும் தேவை. மாதிரியை வெளிநாட்டுக்கு அனுப்பப் போகிறீர்களா என்பதை முதல் நாளே முடிவு செய்யுங்கள். பிறகு சேர்த்தால் எல்லாரிடமும் மறுபடி கையெழுத்து வாங்க அலைய வேண்டும்.

"மலம்தானே, இதில் என்ன ரகசியம்" என்று நினைக்க வேண்டாம். மலத்தில் அந்த ஆளின் சொந்த டிஎன்ஏவும் இருக்கும். அது போக, பாக்டீரியாக் கூட்டமே கைரேகைபோல் ஆளைக் காட்டிக்கொடுக்கும். 2015-இல் வந்த ஓர் ஆய்வில், குடல் மாதிரியை மட்டும் வைத்து 80 சதவீதத்துக்கு மேற்பட்டவர்களை ஓராண்டு கழித்தும் அடையாளம் காண முடிந்தது. படிவத்தில் இதை ஒளிக்காமல் எழுதுங்கள்.

தமிழ்ப் படிவம் தயாரிக்கும்போது ஒரு சொல்லில் கவனம் தேவை. நாங்கள் முதலில் "கிருமி" என்று போட்டோம். பிறை என்ற ஊரில் ஒரு பாட்டி படித்துவிட்டு, "எனக்குக் கிருமி இருக்குன்னு டாக்டர் சொன்னாரா ஐயா?" என்று கலங்கிப்போனார். பிறகு "நுண்ணுயிரி" என்று மாற்றி, பக்கத்திலேயே "தயிரை உறைய வைக்கிறதே, அதுபோன்றவை" என்று ஒரு வரி சேர்த்தோம். அதற்கப்புறம் யாரும் கலங்கவில்லை. மலாய்ப் படிவத்தைக் கூகுளில் போட்டு எடுத்த தமிழை மட்டும் யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.

3. கேள்வித்தாள்: முடிவு பாதி இங்கேதான்

2015-இல் வந்த ஓர் ஆய்வை இந்தத் துறைக்கு வரும் எல்லாரும் படிக்க வேண்டும். டென்மார்க், சுவீடன், சீனா ஆகிய மூன்று நாட்டு மாதிரிகள், மொத்தம் 784. நீரிழிவின் அடையாளம் என்று முன்பு சொல்லப்பட்டதில் பெரும் பங்கு, நோயாளிகள் சாப்பிட்ட மெட்ஃபார்மின் மாத்திரையின் அடையாளம் என்று தெரிந்தது. எஷரிக்கியா (ஈ.கோலை அடங்கிய பாக்டீரியாப் பேரினம்) கூடியிருந்ததற்கு மாத்திரைதான் காரணம். 2019 தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பில் இந்நாட்டு வயது வந்தோரில் 18.3 சதவீதத்தினருக்கு நீரிழிவு. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் அதிகம். ஆக, பினாங்கில் தமிழர்களிடம் மாதிரி எடுக்கிற யாரும் மெட்ஃபார்மினைக் கேட்காமல் நகரவே முடியாது. மாத்திரையின் பெயர், அளவு, எத்தனை ஆண்டாக என்று மூன்றையும் எழுதுங்கள்.

அடுத்தது வயிற்று அமில மாத்திரை. "ஒமெப்ரசோல் சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டால் இல்லை என்பார்கள். "காஸ்ட்ரிக்குக்கு ஏதாவது?" என்று கேட்டால் கைப்பையிலிருந்தே எடுத்துக் காட்டுவார்கள். அமிலம் குறைந்தால் வாயில் இருக்க வேண்டிய பாக்டீரியா குடல் வரை வந்துவிடும். பாக்டீரியாவைக் கொல்ல உருவாக்கப்படாத மருந்துகள்கூடக் கொல்கின்றன: 2018-இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மருந்துகளை 40 குடல் பாக்டீரியா வகைகள் மீது சோதித்தபோது, மனித உடலைக் குறிவைத்துச் செய்த மருந்துகளில் 24 சதவீதம் குறைந்தது ஒரு வகையின் வளர்ச்சியையாவது தடுத்தன.

ஆண்டிபயாட்டிக் கேள்வியில் நம் ஊருக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. இங்கே தனியார் கிளினிக்கில் டாக்டரைப் பார்த்தால் மருந்தும் அங்கேயே கவுண்டரில் சின்னப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். காய்ச்சலுக்கு வாங்கியதில் எது ஆண்டிபயாட்டிக், எது வலி மாத்திரை என்று பலருக்குத் தெரியாது. "கடந்த மூன்று மாதத்தில் கிளினிக் போனீர்களா? 'முழுசா முடிச்சிடுங்க' என்று சொல்லிக் கொடுத்த மாத்திரை ஏதும் இருந்ததா? அந்தப் பை இன்னும் இருக்கிறதா?" என்று கேளுங்கள். நாங்கள் பையைப் போட்டோ எடுக்க ஆரம்பித்த பிறகு, "இல்லை" என்று எழுதியிருந்த பலருடைய பதில் மாறியது.

புரோபயாட்டிக் கேள்வியும் அப்படித்தான். அந்தச் சொல்லைக் கேட்டால் கடையில் விற்கும் விலையுயர்ந்த மாத்திரை என்று நினைத்து இல்லை என்பார்கள். பேரப்பிள்ளைக்கு வாங்கும் விட்டாஜென் என்ற புளித்த பால் பானப் புட்டியில் தாத்தாவும் தினம் ஒன்று குடிப்பார். பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்: விட்டாஜென், யாகுல்ட், தயிர், மோர், தெம்பே (புளித்த சோயா). தோசை மாவைப் புளிக்க வைப்பதும் பாக்டீரியாதான். ஆனால் கல்லில் வெந்த பிறகு உயிரோடு போவது சொற்பம். அதைத் தனிக் கட்டத்தில் எழுதுங்கள்.

நாட்டு மருந்தை விட்டுவிடாதீர்கள். விளக்கெண்ணெய் குடித்துப் பேதிக்குப் போவது, கடுக்காய்ப் பொடி, நிலாவாரை, ஜாமு (மலாய் மூலிகை மருந்து) எல்லாம் குடலைக் கழுவிவிடுகிறவை. டாக்டரிடம் சொன்னால் திட்டுவார் என்று மறைப்பார்கள். கேட்கிறவர் வெள்ளைக் கோட்டைக் கழற்றிவிட்டு, "எங்க பாட்டியும் மாசத்துக்கு ஒரு தடவை கொடுப்பாங்க, நீங்க எப்படி?" என்று ஆரம்பித்தால் பதில் வரும்.

அப்புறம் விரதம். தைப்பூசத்துக்கு 48 நாள் சைவம் இருந்து காவடி எடுப்பவர்கள் நம்மில் எத்தனை பேர்! புரட்டாசியிலும் பல வீடுகளில் கறி மீன் கிடையாது. உணவை முழுக்கச் செடிவகைக்கோ இறைச்சிக்கோ மாற்றினால், ஓரிரு நாளிலேயே குடல் கூட்டம் மாறுவதை 2014-இல் காட்டினார்கள். நோயாளிகளை நவம்பரிலும், ஒப்பீட்டுக் குழுவைத் தண்ணீர்மலை முருகன் கோவில் தொண்டர்களிடம் ஜனவரியிலும் சேர்த்தால், நீங்கள் ஆராய்வது நோயையா முருகன் விரதத்தையா? இரண்டு குழுவையும் ஒரே மாதங்களில், ஒரே வட்டாரத்தில் சேர்த்துக்கொண்டே வாருங்கள். ரமலானுக்கும் இதே கணக்கு.

கடைசியாக, மலத்தின் தன்மை. 1997-இல் வந்த பிரிஸ்டல் அட்டவணையில் ஏழு வகை உண்டு. முதல் வகை ஆட்டுப் புழுக்கை மாதிரி. நான்காவது வழவழப்பான வாழைப்பழம். ஏழாவது வெறும் தண்ணீர். இதைச் சிரித்துக்கொண்டே தள்ளிவிடுவார்கள். பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதியில் நடந்த பெரிய ஆய்வில், குடல் கூட்டத்தின் வித்தியாசத்தை விளக்கிய காரணிகளில் முன்னணியில் நின்றது இந்த மலத் தன்மைதான். படம் போட்ட அட்டையைக் கொடுத்து விரலால் தொடச் சொல்லுங்கள். வாயால் சொல்லக் கூச்சப்படுகிறவர்களும் விரலை வைத்துவிடுவார்கள்.

4. மாதிரி எடுப்பது: வெயிலும் ஐஸ்பெட்டியும்

எங்கள் கையேடு குளிர்நாட்டு ஆய்வு ஒன்றைப் பார்த்து எழுதியது. "அறை வெப்பத்தில் வைக்கலாம்" என்று அதில் இருந்தது. பினாங்கில் அறை வெப்பம் என்றால் 31, 32 டிகிரி.

பட்டர்வொர்த்தில் ஒரு ஃபிளாட், பதினோராவது மாடி. காலை ஆறு மணிக்கு ஆண்ட்டி மாதிரி எடுத்துவிட்டார். தீவில் உள்ள குளுகோரிலிருந்து கிளம்பிய நான் பினாங்குப் பாலத்தில் நெரிசலில் மாட்டி, போய்ச் சேர்ந்தபோது மணி பத்தரை. குப்பி குளியலறை ஜன்னல் விளிம்பில், நேர் வெயிலில் இருந்தது.

"ஐஸ்பெட்டியில வைக்கச் சொன்னேனே ஆண்ட்டி?"

"கோச்சுக்காதீங்க தம்பி. சாமிக்குப் பால் வைக்கிற பெட்டி. அதுல போய் இதை எப்படி வைக்கிறது?"

அவர் சொன்னதில் தப்பே இல்லை. எங்கள் திட்டத்தில்தான் தப்பு. ஆய்வகத்தில் மூடியைத் திருகியபோது சோடா புட்டிபோல் புஸ் என்று காற்று வந்தது. உள்ளே நான்கரை மணி நேரமாகப் பாக்டீரியா பெருகிக்கொண்டிருந்திருக்கிறது. பொதுமக்களே மாதிரி அனுப்பிய அமெரிக்கன் கட் என்ற ஆய்வுத் திட்டத்தில் தபாலில் வந்தவற்றிலும் இதே தொல்லை இருந்தது: வழியில் எஷரிக்கியா போன்ற சில வகைகள் மளமளவென்று பெருகிவிடும். 2017-இல் அவற்றைக் கண்டுபிடித்துக் கணக்கிலிருந்து கழிக்க ஒரு முறையை வெளியிட்டார்கள். ஆனால் கழிப்பது பரிகாரம்தான். வராமல் தடுப்பதே மேல்.

எனவே, பாதுகாப்புத் திரவம் உள்ள குப்பியையே கொடுத்துவிடுங்கள். ஆம்னிஜீன் கட் போன்றவற்றில் அறை வெப்பத்திலேயே வாரக்கணக்கில் வைக்கலாம், விலைதான் கடிக்கும். பணம் இல்லை என்றால் 95 சதவீத எத்தனால் நன்றாகவே வேலை செய்கிறது என்று 2016-இல் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். 70 சதவீதம் உதவாது என்பதும் அதே ஒப்பீட்டில் தெரிந்தது. மருந்துக் கடையில் எளிதாகக் கிடைப்பது அந்த 70 தான். புட்டியின் மேல் உள்ள எண்ணைப் படிக்காமல் வாங்கி வந்துவிடாதீர்கள்.

எத்தனால் போட்ட மாதிரியில் உயிருள்ள பாக்டீரியாவை வளர்க்க முடியாது என்பதை மறக்க வேண்டாம். வளர்க்க வேண்டும் என்றால் ஐஸ் கட்டியோடு ஒரு சின்னப் பெட்டியை நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள். வீட்டு ஐஸ்பெட்டியை நம்பி எந்தத் திட்டமும் போடாதீர்கள். சாமி காரணம் மட்டும் இல்லை. பனி உறையாத வகை ஃப்ரீசர்கள் தாமாகவே அவ்வப்போது சூடாகிப் பனியை உருக்கும்; மாதிரி உறைந்து உருகி மறுபடி உறையும். ஆய்வகத்துக்கு வந்ததும் பல சின்னக் குப்பிகளாகப் பிரித்து மைனஸ் 80 டிகிரியில் வைத்தால், ஒவ்வொரு முறையும் ஒன்றைத்தான் உருக்க வேண்டியிருக்கும்.

குந்தும் கழிப்பறையில் எப்படி எடுப்பது என்று படம் போட்டு விளக்குங்கள். கையேடுகளில் பெரும்பாலும் உட்காரும் கழிப்பறைப் படம்தான் இருக்கும். அகலமான ஒரு பிளாஸ்டிக் பாத்திரமும், குப்பி மூடியோடு ஒட்டிய கரண்டியும் போதும். சிறுநீரும் தண்ணீர்க் குழாய் நீரும் படக்கூடாது. மலத்தின் எல்லா இடத்திலும் ஒரே கூட்டம் இருக்காது. மூன்று நான்கு இடங்களில் கிள்ளி எடுக்கச் சொல்லுங்கள். எடுத்த நேரம், ஃப்ரீசருக்குப் போன நேரம் இரண்டையும் எழுதியே ஆக வேண்டும்.

5. டிஎன்ஏ பிரித்தல்: வெற்றுக் குப்பியின் சாட்சியம்

என் பதினான்கு மாதம் போன இடம் இது. முதல் விதி, முழு ஆய்வுக்கும் தேவையான கிட்டை ஒரே லாட்டில் ஒரே முறையில் வாங்குங்கள். முடியாவிட்டால், ஒவ்வொரு லாட்டிலும் இரண்டு குழுவும் சம அளவில் வரும்படி கலந்து வையுங்கள். நாங்கள் இப்போது மாதிரி எண்களைக் குலுக்கல் முறையில் வரிசைப்படுத்துகிறோம். குப்பியைக் கையில் வைத்திருப்பவருக்கு எது நோயாளியுடையது என்று தெரியாது.

இந்தத் தப்பு எங்களோடு நின்றுவிடவில்லை. தாய்லாந்து-மியன்மார் எல்லையில் உள்ள மேலா அகதி முகாமில், குழந்தைகளின் மூக்குத் தொண்டை மாதிரிகளை எடுத்தார்கள். வயது ஏற ஏறக் கூட்டம் மாறுவதுபோல் தெரிந்தது. பிறகு பார்த்தால், அந்த மாற்றத்தை உண்டாக்கியது கிட்டின் லாட்தான். 2014-இல் வெளியான அந்தக் கட்டுரையில் இன்னொரு சோதனையும் உண்டு. சால்மொனெல்லா போங்கோரி என்ற ஒரே பாக்டீரியாவை எடுத்து, பத்துப் பத்து மடங்காக நீர்த்து, சீக்வென்சிங் செய்தார்கள். நீர்க்க நீர்க்க, போடாத பாக்டீரியாக்கள் தலைகாட்டின. கடைசியில் அவைதான் பெரும்பான்மை. எல்லாம் கிட் திரவத்திலும் தண்ணீரிலும் இருந்து வந்தவை.

ஆகவே வெற்றுக் குப்பி (மலம் போடாமல் மற்ற எல்லாப் படிகளையும் செய்த குப்பி) இல்லாமல் ஆய்வே கிடையாது. வீட்டுக்குக் கொண்டுபோய்த் திறந்து மூடியது ஒன்று, டிஎன்ஏ பிரிக்கும் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒன்று, பிசிஆர் (டிஎன்ஏவைப் பெருக்கும் முறை) தட்டுக்கு ஒன்று. இவற்றையும் மற்ற மாதிரிகளோடு சேர்த்தே சீக்வென்சிங்குக்கு அனுப்புங்கள். "ஜெல்லில் டிஎன்ஏ பட்டை தெரியவில்லை, அனுப்ப வேண்டாம்" என்று சொல்லும் மேற்பார்வையாளர்கள் இருக்கிறார்கள். பட்டை தெரியாத குப்பியில் ரால்ஸ்டோனியா, பிராடிரைசோபியம், ஸ்பிங்கோமோனாஸ் என்று தண்ணீரிலும் மண்ணிலும் வாழும் வகைகள் வந்து நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் "புதிய கண்டுபிடிப்பு" இந்தப் பட்டியலில் இருந்தால் சந்தோஷப்படும் முன் வெற்றுக் குப்பியைப் பாருங்கள்.

மலத்தில் பாக்டீரியா ஏராளம் என்பதால் இந்தக் கலப்படம் சிறுபான்மையாகவே நிற்கும். குடல் திசுத் துண்டு, பிறந்த குழந்தையின் முதல் மலம் போன்றவற்றில் அப்படியில்லை. நஞ்சுக்கொடியில் தனி நுண்ணுயிர்க் கூட்டம் இருக்கிறது என்று 2014-இல் பெரிதாகப் பேசப்பட்டது. 2019-இல் கேம்பிரிட்ஜ் குழு 500-க்கும் மேற்பட்ட பெண்களிடம் கவனமாகப் பார்த்தபோது, அப்படி ஒரு கூட்டம் இருப்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை; தெரிந்ததில் பெரும்பகுதி பிரசவத்தின்போதோ ஆய்வகத்திலோ ஒட்டிக்கொண்டது.

இன்னொரு சாட்சியும் வேண்டும்: உள்ளே என்ன இருக்கிறது என்று முன்பே தெரிந்த கலவை. ஸைமோ நிறுவனம் விற்கும் கலவையில் எட்டு பாக்டீரியா, இரண்டு ஈஸ்ட். அதையும் உங்கள் மாதிரிபோலவே செய்து பாருங்கள். எது குறைந்து வருகிறதோ, அது உங்கள் முறைக்குப் பிடிபடவில்லை. பெரும்பாலும் கிராம் பாசிட்டிவ் வகைகள்தான் குறையும். அவற்றின் செல்சுவர் தடிப்பானது. சின்ன மணிகளைப் போட்டுக் குலுக்கி உடைக்காவிட்டால் டிஎன்ஏ வெளியே வராது. பிஃபிடோபாக்டீரியம் (இதுவும் கிராம் பாசிட்டிவ்தான்) இல்லை என்று எழுதும் முன், உங்கள் முறை அதை உடைக்கிறதா என்று பாருங்கள். 2017-இல் 21 பிரிப்பு முறைகளை ஒப்பிட்டதில், முடிவு முறைக்கு முறை கணிசமாக மாறியது. அதனால் நடுவில் முறையை மாற்றாதீர்கள், இன்னும் நல்லதாக ஒன்று சந்தைக்கு வந்தாலும்.

6. எந்த சீக்வென்சிங்?

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 16எஸ் என்பது எல்லா பாக்டீரியாவிலும் உள்ள, அவற்றை அடையாளம் காண உதவும் மரபணு; சுமார் 1,500 எழுத்து நீளம். அதில் வகைக்கு வகை மாறும் பகுதிகள் ஒன்பது, வி1 முதல் வி9 வரை. வி4 அல்லது வி3-வி4 பகுதியை மட்டும் படிப்பது மலிவு, ஆனால் பெரும்பாலும் பேரினம் வரைதான் உறுதியாகச் சொல்ல முடியும். பூஞ்சையும் வைரசும் தெரியாது. வி1 பக்கம் போடும் 27எஃப் பிரைமரின் (படிக்கும் பகுதியின் தொடக்கத்தில் ஒட்டும் சின்ன டிஎன்ஏ துண்டு) வழக்கமான வடிவம் பிஃபிடோபாக்டீரியத்தைச் சரியாகப் பிடிக்காது. எல்லா டிஎன்ஏவையும் படிக்கும் ஷாட்கன் முறை இனம் வரை காட்டும், மரபணுக்களையும் காட்டும். செலவு பல மடங்கு. என் கருத்து: கையில் உள்ள பணம் 40 பேருக்கு ஷாட்கன் அல்லது 150 பேருக்கு 16எஸ் என்றால், கேள்வி எளிமையாக இருக்கும் வரை ஆட்களின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். ஒரு மாதிரியின் எழுத்துகள் இன்னொன்றில் போய் விழாமல் இருக்க, இரு முனையிலும் தனித்தனி இண்டெக்ஸ் (அடையாளக் குறி) போடச் சொல்லிக் கேளுங்கள்.

7. கணினியில்

முதலில் ஓர் அடிப்படை விஷயம். எந்திரம் தருவது எண்ணிக்கை மாதிரி தெரியும், ஆனால் அது பங்குதான். தண்ணீர்மலை அடிவாரத்தில் ஒரு கேமரா இருக்கிறது, எப்போது எடுத்தாலும் ஆயிரம் முகங்களை மட்டும் பதியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண நாளில் அதில் 600 பேர் அந்த வட்டாரத்துக்காரர்கள். தைப்பூசத்தன்று எடுத்தால் பத்துப் பேர்தான் தெரிவார்கள். மற்ற 590 பேரும் ஊரை விட்டுப் போய்விட்டார்களா? இல்லை, கூட்டம் வந்துவிட்டது. ஒரு பாக்டீரியா பெருகினாலே மற்றவை குறைந்ததுபோல் தெரிவதும் இப்படித்தான். விகிதங்களின் லாகரிதத்தில் கணக்குப் போடும் முறைகளைப் பயன்படுத்துங்கள். முடிந்தால் ஃப்ளோ சைட்டோமெட்ரியிலோ (செல்களை எண்ணும் முறை) கியூபிசிஆரிலோ (டிஎன்ஏ அளவைக் காட்டும் முறை) மொத்த எண்ணிக்கையையும் அளந்துவிடுங்கள். 2017-இல் அப்படி அளந்தபோது, க்ரோன்ஸ் (குடல் அழற்சி) நோயாளிகளிடம் தெரிந்த வித்தியாசத்துக்குப் பின்னால் மொத்த பாக்டீரியா எண்ணிக்கையே பெரிய காரணமாக நின்றது.

எந்த பாக்டீரியா கூடியது, எது குறைந்தது என்று கண்டுபிடிக்க ஒரு டஜனுக்கு மேல் நிரல்கள் இருக்கின்றன. 2022-இல் 14 முறைகளை 38 தரவுத் தொகுப்புகளில் ஓட்டிப் பார்த்தார்கள். ஒன்று சொன்னதை இன்னொன்று சொல்லவில்லை. இங்கேதான் சபலம் வரும்: 'குறிப்பிடத்தக்க வித்தியாசம்' என்று காட்டும் நட்சத்திரக் குறி வரும் வரை நிரலை மாற்றிக்கொண்டே போவது. எந்த முறை, எந்த வடிகட்டி, எந்தக் காரணிகளைச் சரிசெய்வது என்பதைத் தரவு கைக்கு வரும் முன்பே எழுதித் தேதி போட்டு வையுங்கள். இரண்டு மூன்று முறைகளில் ஒத்து வருவதை மட்டும் உரக்கச் சொல்லுங்கள். நூற்றுக்கணக்கான வகைகளைச் சோதிக்கிறபோது தற்செயலாகவே சில தேறிவிடும். அதற்குரிய திருத்தத்தைச் செய்யாத கட்டுரையை நான் மேலே படிப்பதில்லை.

மனித டிஎன்ஏவை முதலிலேயே நீக்குங்கள், நன்றாக நீக்குங்கள். புற்றுநோய்க் கட்டிகளிலும் இரத்தத்திலும் நுண்ணுயிர்த் தடயம் இருப்பதாக 2020-இல் நேச்சர் இதழில் வந்த புகழ்பெற்ற கட்டுரை, 2024-இல் திரும்பப் பெறப்பட்டது. மனித டிஎன்ஏ எழுத்துகளே பாக்டீரியா என்று தவறாகக் கணக்கில் ஏறியிருந்தன. நேச்சருக்கே இந்தக் கதி.

தரவுத்தளத்தின் பெயரோடு பதிப்பு எண்ணையும் குறியுங்கள். ஃபெர்மிக்யூட்ஸுக்கு 2021 முதல் பாசில்லோட்டா என்று பெயர். பழைய கட்டுரையோடு ஒப்பிடும்போது இரண்டும் வேறு என்று நினைத்துக் குழம்பிய மாணவர் எங்களிடமே உண்டு.

8. வெளியிடுவதும் வீட்டுக்குச் சொல்வதும்

நுண்ணுயிர் ஆய்வுக் கட்டுரையில் என்னென்ன சொல்ல வேண்டும் என்று காட்டும், 2021-இல் வந்த ஸ்டார்ம்ஸ் பட்டியலில் 17 அம்சங்கள் உண்டு. கட்டுரை எழுதும்போது அல்ல, ஆய்வைத் திட்டமிடும்போதே அதை அச்செடுத்துச் சுவரில் ஒட்டுங்கள். கிட்டின் லாட் எண் எழுத ஓர் இடம் உங்கள் விரிதாளில் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். மனித டிஎன்ஏ நீக்கிய மூலத் தரவைப் பொதுக் களஞ்சியத்தில் போடுங்கள், வெற்றுக் குப்பிகளையும் சேர்த்து.

போடுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. 2022-இல் எண்ணிப் பார்த்தபோது, எந்த நாட்டிலிருந்து வந்தது என்று தெரிந்த மனித நுண்ணுயிர் மாதிரிகளில் 71 சதவீதத்துக்கு மேல் ஐரோப்பா, அமெரிக்கா, கனடாவிலிருந்து வந்தவை. ஒரே ஊரில் சேர்ந்து வாழ்ந்தாலும் மலாய்க்காரர், சீனர், இந்தியர், ஜக்குன் என்ற ஒராங் அஸ்லி மக்கள் ஆகியோரின் குடல் கூட்டங்கள் வேறுபடுகின்றன என்று ஜொகூர் சிகாமட்டில் நடந்த ஆய்வு 2021-இல் காட்டியது. தோசையும் சம்பலும் சாப்பிடும் குடல்களைப் பற்றி உலகக் களஞ்சியத்தில் இருப்பது மிகக் கொஞ்சம். உங்கள் 90 மாதிரியும் அங்கே கனமானவைதான்.

மாதிரி கொடுத்தவர்கள் முடிவைக் கேட்பார்கள். தனி ஆளுக்கு "உங்கள் குடல் நல்லது, கெட்டது" என்று சொல்ல இன்றைய அறிவு போதாது. இதைப் படிவத்திலேயே எழுதுங்கள், வாயாலும் சொல்லுங்கள். நாங்கள் குழுவாகக் கிடைத்த முடிவை ஒரு பக்கத் தமிழில் எழுதி, சமூக மண்டபத்தில் தேநீரும் வடையும் வைத்து எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னோம். பட்டர்வொர்த் ஆண்ட்டியும் வந்திருந்தார். அவருடைய இரண்டாவது மாதிரி எத்தனால் குப்பியில் ஒழுங்காக வந்து சேர்ந்திருந்தது.

"என் வயிறு எப்படி இருக்குன்னு மட்டும் சொல்லுங்க தம்பி."

"அது இன்னும் சொல்லத் தெரியல ஆண்ட்டி."

"இவ்வளவு படிச்சும் தெரியலையா?" என்று சிரித்தார். அப்புறம் வடைத் தட்டை என் பக்கம் நகர்த்திவிட்டு, "அடுத்த தடவை எப்ப எடுக்கணும்?" என்று கேட்டார்.